நேசமணி ஆண்ட்டி வீட்டுச் சுவர்

தாராவோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் பொறுமை வேண்டும். நாலு அடி நடப்பாள், ஐந்தாவது அடியில் நின்றுவிடுவாள். அவள் பார்ப்பது நகைக்கடையையோ புடவைக்கடையையோ அல்ல, ஏதாவது ஒரு பாழாய்ப்போன சுவரை. சுண்ணாம்பு உதிர்ந்து, மழைத்தண்ணீர் வழிந்து, பாசி பிடித்துக் கருத்த சுவர் என்றால் அவளுக்கு உயிர். போனை எடுத்து, நேராக நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு நாலு படம் எடுப்பாள். வீட்டுக்காரர்கள் வெளியே ஓடி வந்து, "இன்னாமா, முனிசிபாலிட்டியா? இடிக்கப் போறீங்களா?" என்று பதறுவார்கள். "இல்லீங்க, சுவரு அழகா கீது, அதான்" என்பாள். அதற்கப்புறம் அவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையைச் சொல்லி மாளாது. அவள் கணவன் பிரசாந்த் அந்த நேரத்தில் பத்தடி தள்ளி நின்று, இந்தப் பெண் யாரென்றே தெரியாதவன் போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான்.

பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பிழைப்பு அது. பெங்களூரில் ஒரு கல்யாண ஆல்பம் கம்பெனிக்கு அவள் பக்கங்கள் செய்து தருகிறாள். மண்டபத்தில் எடுத்த பெண்ணின் படம் வரும். பின்னால் சமையல்காரர் குறுக்கே போவார், பிளாஸ்டிக் நாற்காலி தெரியும், யாரோ ஒரு மாமா கொட்டாவி விடுவார். அதையெல்லாம் நீக்கிவிட்டு, பெண்ணை மட்டும் எடுத்து, ஒரு பழைய சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டும். வெட்டி ஒட்டினால் ஒட்டினது தெரியும். அதனால் சுவரின் படத்தைப் பெண்ணின் படத்துக்கு மேலே ஒரு லேயராகப் போர்த்தி, 'மல்டிப்ளை' என்ற முறையில் கலப்பாள். சுவரின் வெள்ளையெல்லாம் மறைந்துவிடும், கறையும் கீறலும் மட்டும் படத்துக்குள் இறங்கும். புடவையின் ஓரம் சுவருக்குள் கரைந்துபோகும். பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெண் அந்தச் சுவருக்கு முன்னால்தான் பிறந்து வளர்ந்தாள் என்று தோன்றும்.

ஒரே ஒரு விதி. முகத்தில் கறை ஏறக்கூடாது. அதைத் தாரா பட்டுத் தெரிந்துகொண்டாள். வேலைக்குப் போன புதிதில் ஒரு நிச்சயதார்த்த ஆல்பத்தில் பெண்ணின் கன்னத்திலிருந்து சுவரின் திட்டை அழிக்க மறந்துவிட்டாள். ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்ணுக்குத் தோல் வியாதி இருப்பதை மறைத்துவிட்டீர்களா என்று பெரிய ரகளை. பெண்ணையே நேரில் கொண்டுபோய் நிறுத்திக் கன்னத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அன்றையிலிருந்து எந்தப் பக்கத்தை முடித்தாலும் கடைசியாக முகத்துக்கு வந்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

கோலார் தங்கச் சுரங்கத்து மைசூர் மைன்ஸில், தொழிலாளர்களுக்குக் கட்டின ஒரு லைன் வீட்டில் பிறந்தவள் தாரா. வரவேற்பறையில் புத்தர் படம், அதற்குக் கீழே அப்பாவின் சுரங்கத் தொப்பி. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மைனை மூடினார்கள். அப்பா பங்காருபேட்டையில் வாட்ச்மேன் ஆனார். மகள் பத்தொன்பது வயதில், இந்த ஊரில் பாதிப் பேரைப் போல, மாரிகுப்பத்தில் விடியற்காலை ட்ரெயின் ஏறினாள். பெங்களூரில் ஒரு கலர் லேபில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிற வேலை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் படங்களைக் கலப்பதை எட்டி எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவர் ஒரு நாள் லீவு போட்டபோது இவள் உட்கார்ந்தாள். மறுநாள் அவர் வந்து பார்த்துவிட்டு, "நான் வராமலே இருந்திருக்கலாம்" என்றார்.

ட்ரெயின் வருஷங்களைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். காலை ஐந்துக்கு முன்னால் கிளம்பினால் திரும்ப ஒன்பதாகும். கல்யாணம் ஆயிற்று, ஓவியா பிறந்தாள், ஏழாம் மாதத்திலேயே குழந்தையைப் பக்கத்து வீட்டு நேசமணியிடம் விட்டுவிட்டு மறுபடி ட்ரெயின். நேசமணி ஆண்ட்டி அந்தக் குழந்தையைத் தன் பேத்தியைப் போல வளர்த்தாள். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனாள். ஓவியாவுக்குப் பேச்சு வந்தது. ஒரு லீவு நாளில் தாரா வீட்டில் இருந்தபோது குழந்தை ஓடி வந்து நேசமணியின் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றது. அப்புறம் திரும்பி, தாராவைப் பார்த்து, "ஆண்ட்டி" என்றது.

யார் மேலும் தப்பில்லை. நேசமணி வாயில் அடித்துக்கொண்டு, "ஏய், அது அம்மாடி, நான் ஆண்ட்டி" என்று நூறு முறை சொல்லிக் கொடுத்தாள். தாரா சிரித்து மழுப்பினாள். மறுநாள் ட்ரெயினில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பங்காருபேட்டை வரை அழுதாள். கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. ஊரே அழுதது, தாராவுக்கு மட்டும் ஒரு நல்லது நடந்தது. கம்பெனி கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பியது. எல்லாம் சரியான பிறகும், அவள் செய்கிற பின்னணிகளை வேறு யாராலும் செய்ய முடியாததால், வீட்டிலிருந்தே செய் என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஓவியாவுக்கு எட்டு வயது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறப்பது தாராதான். அந்த ஒரு விஷயத்துக்காக அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள்.

அவள் சேர்த்து வைத்த சுவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. 'மாரிகுப்பம் தகரம்', சுரங்கக் கழிவு குவிந்த 'சைனைட் மேட்டு மண்', 'ஸ்கூல் பின்பக்கம்'. இவற்றில் ராஜா, நேசமணி வீட்டுப் பக்கச் சுவர். ஐம்பது வருஷச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக உரிந்து, நீலமும் மஞ்சளும் பச்சையும் எட்டிப் பார்க்கும். நடுவில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், இரண்டு இடத்தில் கிளை பிரிந்து ஓடும். மைன் ஓடின காலத்தில் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே நிலமே குலுங்கும், 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அப்படி ஒரு ஏர் பிளாஸ்டில் விட்ட விரிசல் அது. அந்தச் சுவரில் எந்தப் பெண்ணை நிறுத்தினாலும் மகாராணி போல இருப்பாள் என்பது தாராவின் கணக்கு.

அந்தச் சந்தோஷத்தில்தான் போன வருஷம் தீபாவளி கழிந்து ஒரு வேண்டாத காரியம் செய்தாள். அச்சாகி வந்த ஆல்பம் பக்கத்தை நேசமணியிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "யார் சுவருன்னு பாருங்க ஆண்ட்டி. உங்களுதுதான்!"

நேசமணி கண்ணாடி போட்டுப் பார்த்தாள். வைர நெக்லஸ் போட்ட பெண். அவளுக்குப் பின்னால் தன் வீட்டுச் சொறிச் சுவர். "இது இன்னா தாரா?" என்றாள் மெதுவாக. "எத்தினி பேர் பார்த்திருப்பாங்க இத?"

"ஆயிரம் பேராவது பார்த்திருப்பாங்க ஆண்ட்டி!"

தாரா அதைப் பெருமையாகச் சொன்னாள். நேசமணிக்கு அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆள் வைத்து, இரும்பு பிரஷ்ஷால் சுவரைச் சுரண்டி, விரிசலை சிமென்ட் வைத்து அடைத்து, ரோஸ் கலர் அடித்துவிட்டாள். சாக்பீஸ் பூசின மாதிரி கையில் ஒட்டுகிற ரோஸ். தாராவைக் கூப்பிட்டு, "இப்ப எட்றீ போட்டோ, பெங்களூர்காரிங்க பார்க்கட்டும்" என்றாள். தாரா என்ன சொல்வாள்? நல்லா கீது ஆண்ட்டி என்றாள். வீட்டுக்கு வந்து, செத்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுவரின் படம்தான் இருக்கிறதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கம்பெனியிலிருந்து மஞ்சுநாத் கூப்பிட்டார். டிசைன் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. நல்ல மனுஷர், கோலார்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அன்று குரலே சரியில்லை.

"தாரா அவரே, அந்த விரிசல் சுவரு இருக்கில்ல, அது எங்களோடதுன்னு ஒருத்தன் நோட்டீஸ் அனுப்பியிருக்கான். சுவரு, தரை மாதிரி டெக்ஸ்ச்சர் படம் விக்கிற சைட். அவன்கிட்ட அதே படம் விலைக்கு இருக்கு. நானும் பார்த்தேன். ஒரு கீறல் மாறாம அதே."

எப்படி என்று தாராவுக்கு உடனே புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் டிசைனர்கள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில், "நல்லா இருக்கா பாருங்க, வேணும்னா எடுத்துக்கோங்க" என்று அவளே போட்டாள். எவனோ எடுத்துக்கொண்டு, விற்கவும் ஆரம்பித்துவிட்டான்.

"சார், அது எங்க பக்கத்து வீட்டுச் சுவரு!"

"நான் நம்பறேன். மேல இருக்கிறவங்க நம்பணுமே. போன்ல எடுத்த ஒரிஜினல் கொடுங்க, சாக்கு, அது போதும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள. இல்லன்னா இனிமே வீட்ல இருந்து வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்து ஆபீஸ் டெக்ஸ்ச்சர்தான் போடணும்னு சொல்றாங்க. டென்ஷன் மாட்கோபேடி" என்று சொல்லிவிட்டு வைத்தார். டென்ஷன் ஆகாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

ஒரிஜினல் எங்கே? நவம்பரில், ஆறு நாள் கழித்துத் தண்ணீர் விட்ட காலையில், டிரம்மில் பைப்பைப் பிடித்துக்கொண்டே போன் பேசினாளே, அந்த டிரம்முக்குள் போயிற்று. போனும் போயிற்று, அதில் இருந்த படங்களும் போயின, குரூப் பேச்சும் போயிற்று. கம்ப்யூட்டரில் இருப்பது வேலை செய்து முடித்த படம் மட்டும். அந்தக் கோப்பின் தேதியைக் காட்டட்டுமா என்று கேட்டு அனுப்பினாள். தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று பதில் வந்தது.

சுவரையே மறுபடி எடுத்து அனுப்பலாம் என்று ஓடினாள். ஓடிப் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. எதிரே பளிச்சென்று ரோஸ் கலரில் நின்றது சுவர்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்று நேசமணி வெளியே வந்தாள். தாராவுக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் பொங்கியது.

"யார் உங்கள சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது ஆண்ட்டி? யார் கேட்டாங்க?"

அவள் நேசமணியிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். "மறுபடி ட்ரெயினுக்குப் போகணும் ஆண்ட்டி. ஓவியா மறுபடி தனியா…"

நேசமணி உள்ளே போய்க் காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்து, சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். ரோஸ் பொடியாகக் கொட்டியது. அடியில் சாம்பல் நிறச் சிமென்ட். ஒரு அடி சுரண்டினாள், இரண்டு அடி சுரண்டினாள், சிமென்ட்தான். "நல்லா பூசுடான்னு நான்தான் சொன்னேன், பாவி" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

பழைய போட்டோக்களில் சுவர் விழுந்திருக்குமா என்று ஆல்பம் மூன்றையும் எடுத்துப் புரட்டினார்கள். சர்ச் வாசலில் போட்டோ இருந்தது, ஸ்டூடியோவில் இருந்தது, மைசூர் ஜூவில் ஒட்டகச்சிவிங்கியோடுகூட இருந்தது. சொந்தச் சுவர் ஒன்றில்கூட இல்லை. "சொறி சுவத்து முன்னாடி யார்டி நின்னு போட்டோ எடுப்பாங்க?" என்றாள் நேசமணி. நியாயம்தான்.

நேசமணியின் கணவர் வால்டர் இதெல்லாம் நடக்கும்போது சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் ஆயுள் குறையும் என்று நினைக்கிற மனிதர். அந்த வீட்டிலேயே பிறந்தவர். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த விரிசலு வழியா சின்ன வயசுல நான் குச்சி உடுவேன். வெளிய என் தங்கச்சி புடிச்சி இழுப்பா."

தாரா அப்படியே நின்றாள். "உள்ள இருந்தா அங்கிள்?"

"ஆமா. இங்க இருந்துதான்" என்று சுவரில் மாட்டியிருந்த சர்ச் காலண்டரைக் காட்டினார்.

நேசமணியின் முகம் மாறியது. விருந்தாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் அந்த இடத்தில் காலண்டரை மாட்டுகிறாள். புது வருஷக் காலண்டரைப் பழையதன் மேலேயே மாட்டுவாள். கீழே தட்டு ஸ்டாண்டு, அதற்குக் கீழே அரிசி டிரம். வெளிப்பக்கம் ஊர் பார்க்கிறது என்று பூசினாளே தவிர, உள்பக்கத்துக்குத்தான் காலண்டர் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

மூன்று பேரும் சேர்ந்து சமையலறையைக் காலி செய்தார்கள். காலண்டர்கள் கத்தையாக இறங்கின. ஸ்டாண்டிலிருந்து தட்டுகள் கலகலவென்று விழுந்தன. டிரம்மை வால்டர் மூச்சுப் பிடித்து நகர்த்தினார். புகை படிந்த சுவரில், மேலிருந்து கீழே, இரண்டு கிளை பிரிந்து, விரிசல் அப்படியே இருந்தது. "சும்மா ஒரு கோடுதானே" என்றாள் நேசமணி பயத்தோடு. தாரா புதுப் போனால் நேராக நின்று எடுத்தாள். ஏழு முறை எடுத்தாள்.

கம்ப்யூட்டரில் தன் பழைய சுவரைத் திறந்தாள். சமையலறைப் படத்தை அதன் மேல் லேயராகப் போட்டாள். பொருந்தவில்லை, கிளைகள் எதிர்ப்பக்கம் ஓடின. பின்னால் நின்ற நேசமணி, "போச்சா?" என்றாள்.

"இருங்க ஆண்ட்டி. நம்ம சுவத்த பின்னாடி இருந்து பார்க்கறோம் இல்ல?" மேல் லேயரை இடம் வலமாகத் திருப்பினாள். அளவைக் கொஞ்சம் இழுத்தாள். மல்டிப்ளை போட்டாள்.

உள்பக்க விரிசலின் தலை வெளிப்பக்க விரிசலின் தலையில் போய் உட்கார்ந்தது. முதல் கிளை உட்கார்ந்தது. இரண்டாவது கிளையும். அடியில் மட்டும் ஒரு விரல் அளவு தள்ளிப் போயிற்று, சுவருக்குத் தடிமன் உண்டல்லவா, விரிசல் உள்ளே கொஞ்சம் சாய்ந்து ஓடியிருக்கும். அத்தனை வருஷம் எத்தனையோ பெண்களைச் சுவரோடு கலந்தவள், முதல் முறையாகச் சுவரைச் சுவரோடு கலந்து பார்த்தாள். நேசமணி, "ஸ்தோத்திரம்" என்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சின்ன வீடியோவும் எடுத்து அனுப்பினார்கள். அதில் நேசமணி, கையில் காலண்டர் கட்டோடு, கேமராவை முறைத்துக்கொண்டு, "இது எங்க வூடு. எங்க விரிசலு. உள்ள இருந்து அந்தத் திருடன் போட்டோ எடுத்தானா கேளுங்க" என்று சொல்வது இருக்கிறது. அடி விரிசல் ஏன் ஒரு விரல் தள்ளியிருக்கிறது என்பதையும் தாரா மறைக்காமல் எழுதினாள். அன்று மாலை ட்ரெயினில் வந்து இறங்கிய பிரசாந்த் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேசாமல் போய் நேசமணி வீட்டு அரிசி டிரம்மைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை தாரா ஒரு பக்கம்கூடச் செய்யவில்லை. போனைக் குடத்துக்குப் பக்கத்தில்கூட வைக்கவில்லை. மூன்று மணிக்கு அது அடித்தது.

"தாரா அவரே," மஞ்சுநாத் சிரித்தார், "அவனை உள்பக்கம் காட்டச் சொன்னோம். ஒரிஜினலும் கேட்டோம். மத்தியானமே நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டு, சைட்ல இருந்து படத்தையும் எடுத்துட்டான். நீங்க எப்பவும் போல வீட்ல இருந்தே பண்ணுங்க. அப்புறம், வீடியோல வர்ற அந்த அம்மாவை ஆபீஸ்ல எல்லாரும் ரெண்டு தடவை பார்த்தோம்."

தாரா செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். நேசமணி சுரண்டின இடத்தைப் பார்த்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். தாராவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாரா சுவரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து, சத்தமாக அழுதாள். அழ அழ நெஞ்சு லேசாயிற்று.

"நேத்து கத்திட்டேன், மன்னிச்சிடுங்க ஆண்ட்டி."

"போடி. உள்ளயும் பூசிடலாம்னு இருந்தேன் தெரியுமா, ஈஸ்டருக்கு?"

"ஐயோ, வேணாம்!"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, முதுகில் பையோடு ஓவியா தெருமுனையில் திரும்பி ஓடி வந்தாள். சுவர் ஓரத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். குழந்தை நேராக ஒருத்தியிடம் வந்து, முகத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மா, மூஞ்சில இன்னா ரோஸு?" என்றது.

தாரா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையெல்லாம் சுவர். நேசமணி புடவைத் தலைப்பை எடுத்து நனைத்து, அவள் முகத்தை மெதுவாக, ஒரு திட்டு விடாமல் துடைத்துவிட்டாள்.